பாட்டு ஊரறியும்... போட்டவரை?

டொனால்ட் டக்கைத் தெரியாத வாண்டு உண்டா? 1944-ல் வந்த 'தி த்ரீ கபாயெரோஸ்' என்ற டிஸ்னி படத்தில் அந்த வாத்து, ஒரு பிரேசில் கிளியோடும் மெக்சிகோ சேவலோடும் சேர்ந்து போடும் ஆட்டம் ரொம்பப் பிரபலம். ஆனால், அவர்கள் பாடும் அந்தத் துள்ளல் மெட்டு டிஸ்னியில் பிறந்ததல்ல. மூன்று வருடம் முன்பே மெக்சிகோவில் ஹிட்டான சினிமாப் பாட்டு அது. அதற்குத்தான் ஆங்கில வரிகளைப் போட்டார்கள். மெட்டுக்குச் சொந்தக்காரர், மனுவேல் எஸ்பெரோன்.

1911-ல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். அந்நாட்டு சினிமா பேச ஆரம்பித்த 1930-களில் உள்ளே நுழைந்து, நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். பாடலாசிரியர் எர்னெஸ்தோ கோர்தாசரும் இவரும் சேர்ந்தால் பாட்டு ஹிட்!

1941-ல் இருவரும் தந்ததுதான் 'ஆய் ஹாலிஸ்கோ, நோ தே ராஹெஸ்'. 'ஹாலிஸ்கோவே, பின்வாங்காதே' என்று அர்த்தம். ஹாலிஸ்கோ என்பது மேற்கு மெக்சிகோவில் உள்ள மாநிலம். வயலின், டிரம்பெட், கிடார் முழங்கும் மரியாச்சி இசைக்குப் பேர்போன மண். அந்த மண்ணின் பெருமையை மெட்டாக்கியவர் தலைநகரத்துப் பிள்ளை! சாஸ்திரிய சங்கீதம் பயின்ற ஹோர்ஹே நெக்ரெத்தே அந்தக் கிராமியப் பாட்டைப் பாடி நடித்து, உச்ச நட்சத்திரமானார்.

1948-ல் 'நோசோத்ரோஸ் லோஸ் போப்ரெஸ்' படத்துக்காக எஸ்பெரோன் போட்டது 'அமோர்சித்தோ கொராசோன்'. ஏழைத் தச்சராக வரும் பெத்ரோ இன்ஃபாந்தே பாட்டின் நடுவே விசிலடிக்க, காதலியும் பதிலுக்கு விசிலடிப்பாள். நிஜத்திலும் இளவயதில் தச்சு வேலை பார்த்தவர்தான் இன்ஃபாந்தே. அந்த விசில் மெக்சிகோ மக்களின் வாயில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால், கூட இருந்தவர்கள் நிலைக்கவில்லை. 1953-ல் கோர்தாசர் போனார். அதே வருடம் நெக்ரெத்தேவும் போய்விட்டார். எஸ்பெரோன் பிறந்த அதே 1911-ல் பிறந்தவர் அவர். வயது வெறும் 42. 1957-ல் விமான விபத்தில் இன்ஃபாந்தே இறந்தபோது அவருக்கு 39. எழுதிய கை, பாடிய குரல்கள் எல்லாமே ஓய்ந்துவிட்டன. மெட்டுப் போட்டவர் மட்டும் அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். தன் பாட்டுகளைப் புதுப்புதுக் குரல்களில் கேட்டார். நூறாவது பிறந்தநாளுக்கு ஆறு மாதம்கூட இல்லாத நிலையில், 2011 பிப்ரவரியில் கண்மூடினார்.

நெக்ரெத்தே, இன்ஃபாந்தே முகங்களை இன்றும் மெக்சிகோவில் எல்லோருக்கும் தெரியும். திரைக்குப் பின்னால் நின்றவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடுத்த முறை உங்கள் வீட்டு வாண்டு டொனால்டின் அந்த ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "இந்தப் பாட்டைப் போட்டது மெக்சிகோக்காரர் ஒருத்தர். பேர் மனுவேல் எஸ்பெரோன்!"