மலைநகரத்து ஸ்டூடியோவும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், ஹட்டனில் எடுத்த ஒரு புகைப்படம் கொழும்புப் பத்திரிகையில் வெளிவர வேண்டுமாயின், படச்சுருளை உறையிலிட்டு உடரட்ட மெனிக்கே புகையிரதத்தில் வரும் யாரேனும் ஒரு பயணியிடம் கொடுத்தனுப்புவோம். கோட்டை நிலையத்தில் அலுவலகப் பையன் காத்து நிற்பான். பயணி உறக்கத்தில் இருந்துவிட்டால் மறுநாள் பக்கத்தில் படம் இராது. அதே ஹட்டனிலிருந்து சில மாதங்களுக்கு முன் என் பழைய நண்பரின் மகன் தொலைபேசியில் அழைத்தார். "சேர், படம் எடிட் பண்ற கொம்பியூட்டருக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்ட் போடலாம்?" என்று கேட்டார்.

இது என்னிடம் கேட்கக்கூடிய கேள்வியா என்று முதலில் தோன்றியது. ஆயினும் தாயாரின் நகையை அடகு வைத்துச் சிறியதொரு ஸ்டூடியோ நடத்துபவர் அவர். கொழும்பில் ஒரு கடைக்காரர், கணினி விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் மிகப் பெரிய அட்டையொன்றைச் சிபாரிசு செய்திருக்கிறார். அது இல்லாமல் இக்காலத்தில் படத்தொழில் செய்ய முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். விலையைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. ஆகவே தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் ஒரு முடிவுக்கு வந்தேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

படத்தைத் திருத்துவதற்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நெடுங்காலம் பெரிய உறவு எதுவும் இருந்ததில்லை. போட்டோஷொப் மென்பொருள் அந்த அட்டையைக் குறிப்பிடத்தக்க அளவில் பயன்படுத்தத் தொடங்கியது 2008 இல் வந்த சி.எஸ்.4 பதிப்பில்தான். அதுவும் படத்தைப் பெருக்கிப் பார்ப்பதற்கும் சுழற்றிப் பார்ப்பதற்குமே பெரிதும் உதவியது. லைட்ரூம் 2015 இல் அவ்வழிக்கு வந்தது. வெளிச்சத்தைக் கூட்டுவது, நிறத்தைச் சீர்செய்வது, ஓரத்தை வெட்டுவது, பின்னணியை வெள்ளையாக்குவது ஆகிய வேலைகளுக்குக் கணினியின் செயலியும் 16 ஜிகாபைட் நினைவகமும் வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் போதும். செயலியோடு சேர்ந்தே வரும் வரைகலைப் பகுதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தேசிய அடையாள அட்டைக்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவிலேயே எடுக்க வேண்டியிருப்பதால், ஹட்டன் போன்ற நகரங்களில் ஸ்டூடியோக்காரரின் அன்றாட வருமானத்தில் அதற்கு ஒரு பங்குண்டு. அந்தப் படத்துக்குப் பெரிய அட்டை எதற்கு?

ஆனால் ஒரு விடயத்தில் கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2023 ஏப்ரலில் லைட்ரூமில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தின் புள்ளி இரைச்சலை அகற்றும் வசதி வந்தது. இது முற்றாகக் கிராபிக்ஸ் கார்டின் தோளில் ஏறும் வேலை. நல்ல அட்டை இருந்தால் ஒரு படம் சில பத்து வினாடிகளில் முடியும். இல்லையேல் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மலையகத்துத் திருமணங்கள் பலவும் பூப்புனித நீராட்டு விழாக்களும் மங்கிய மண்டபங்களிலும் தோட்டத்து வாசிகசாலைகளிலும் நடப்பவை. வெளியே மழை, உள்ளே இரண்டு குழல் விளக்கு. இருநூறு படங்களைத் தூய்மை செய்ய வேண்டிய இரவில் அட்டையின் அருமை தெரியும். இதற்கு 8 ஜிகாபைட் நினைவகமுள்ள நடுத்தர அட்டை தாராளமாகப் போதும். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 என்பது 2023 இல் 299 டொலர் விலையில் வெளிவந்தது. 5060 அதே விலையில் 2025 இல் வந்தது. ஒரு டொலர் 300 ரூபா என்று கொண்டால், வரிகளைச் சேர்க்காமலே 90,000 ரூபா. 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அறுபத்தேழு நாள் கொழுந்து பறித்தால் ஓர் அட்டை. வாடிக்கையாளர்கள் அவர்கள்தாம் என்பதால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மின்சாரத்தை இந்தக் கடைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆர்.டி.எக்ஸ். 4090 போன்ற பேரட்டை தனியாகவே 450 வாட் இழுக்கும். பெரும்பாலான ஸ்டூடியோக்களில் இருக்கும் 650 வி.ஏ. யூ.பி.எஸ். 400 வாட்டையே தாங்காது. 4060 கேட்பது 115 வாட். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டில் இருந்த நாடு இது. அது கடந்துபோன காலம் என்றாலும், காற்றுக்கு மரம் விழுந்தால் மலைநாட்டில் இன்றும் விளக்கு அணையும்.

பழைய அட்டைகளைப் பற்றியும் ஒரு சொல். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மறைகுறி நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்டுவதற்கு இரவுபகலாக ஓடிய அட்டைகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லவையும் உண்டு. உத்தரவாதம் எழுத்தில் தராதவரிடம் வாங்க வேண்டாம். மிஞ்சும் பணத்தை நிறம் பிசகாத ஒரு ஐ.பி.எஸ். திரைக்குக் கொடுங்கள். மணப்பெண்ணின் கூறைச் சேலை திரையில் ஒரு சிவப்பாகவும் அச்சில் வேறொரு சிவப்பாகவும் வந்தால், எந்த அட்டையும் உங்களைக் காப்பாற்றாது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அந்த இளைஞர் தயங்கித் தயங்கி உண்மையான காரணத்தைச் சொன்னார். பெரிய அட்டை அவருக்குப் பழைய படங்களைப் புதுப்பிப்பதற்காகவாம். லயன் வீடுகளில் பூஞ்சணம் பிடித்துப்போன படங்களை மக்கள் கொண்டுவருகிறார்கள். அவற்றுள் பல, 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின், குடும்பம் இரண்டாகப் பிரியுமுன் எடுத்துக்கொண்ட படங்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் எழுதிய ஒப்பந்தம் அது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். இங்கே எஞ்சியவர்களிடம் ஒரு படம், அங்கே ஒரு பிரதி. வேறு அடையாளம் இல்லை.

அவர் எனக்கு மாதிரிக்கு ஒரு படம் அனுப்பினார். தம் சொந்தப் பாட்டியின் படம். மூலப்படத்தில் முகத்தின் ஒரு பாதியைக் கறை தின்றிருந்தது. ஒரு மென்பொருள் சில வினாடிகளில் அதைப் பளிங்குபோல் ஆக்கித் தந்திருந்தது. அழகான பெண்மணி. ஆனால் இரு மூக்கிலும் இருந்த மூக்குத்திகள் இல்லை. அவற்றையும் கறையென்று எண்ணித் துடைத்துவிட்டது போலும். தண்டட்டியால் தொங்கிய காது சுருங்கி, நகரத்துப் பெண்ணின் காதாகியிருந்தது. இது யாருடைய முகம்?

வியப்பதற்கில்லை. இவ்வகை மென்பொருள்கள் அழிந்த பகுதியைப் படத்திலிருந்து மீட்பதில்லை. தாம் கற்ற முகங்களிலிருந்து ஊகித்து வரைகின்றன. அவ்வாறு கற்பிக்கப் பெரிதும் பயன்பட்ட தொகுப்புகளுள் ஒன்றில் 70,000 முகங்கள் உண்டு. பிளிக்கர் தளத்தில் மக்கள் பதிவேற்றிய படங்களிலிருந்து அதைத் திரட்டியவர்கள், அட்டைகளைத் தயாரிக்கும் அதே என்விடியாவின் ஆய்வாளர்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் டிக்கோயாவிலோ பொகவந்தலாவையிலோ ஸ்டூடியோத் திரைக்கு முன் அசையாமல் நின்ற கொழுந்துப் பெண்களின் முகம் அதில் எவ்வளவு இருந்திருக்கப்போகிறது? அட்டை எத்தனை பெரிதானாலும் அது இந்த ஊகத்தை விரைவாக்குமேயன்றி உண்மையாக்காது. திருமணப் படத்தில் இரைச்சலை நீக்குவதோடு இதைச் சமமாக வைக்க நான் உடன்படமாட்டேன். பேரனிடம் பாட்டியின் முகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

"அப்படியானால் சனங்களிடம் என்ன சொல்வது சேர்? பக்கத்துக் கடையில் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுக்கிறார்களே" என்றார். நியாயமான கேள்விதான். மூலப்படத்தை உயர்ந்த துல்லியத்தில் ஸ்கேன் செய்து தொடாமல் ஒரு பிரதி வையுங்கள், கறையையும் கீறலையும் மட்டும் கையால் அகற்றுங்கள், முகத்தில் அழிந்தது அழிந்ததாகவே இருக்கட்டும், இயந்திரம் வரைந்ததைக் கேட்பவருக்குக் கொடுப்பதானால் அது வரைந்தது என்று சொல்லிக் கொடுங்கள் என்றேன். இதில் வியாபாரம் சற்றுக் குறையலாம். மறைப்பதற்கில்லை.

அவர் நடுத்தர அட்டையையே வாங்கினார். மிச்சத்தில் ஒரு நல்ல திரையும் பெரிய யூ.பி.எஸ்.ஸும் வந்தன. பாட்டியின் படத்தில் இரண்டு மாலைப்பொழுதுகள் செலவிட்டுப் போன வாரம் எனக்கு அனுப்பியிருந்தார். கன்னத்தின் ஒரு பக்கம் இன்னும் மங்கலாகவே இருக்கிறது. மூக்குத்திகள் இரண்டும் இருக்கின்றன.