புது டிஸ்க் மேல் பழி வேண்டாம்

புக்ககத்தில் எது கெட்டாலும் புதிதாக வந்த மருமகள் மேல் பழி விழுவது ஒரு காலத்தில் நம் வீடுகளில் வழக்கம். பழைய கம்ப்யூட்டரில் புது ஹார்ட் டிஸ்க் மாட்டும் வீடுகளில் இன்றும் அதே கதைதான். டிஸ்க்கை மாட்டுகிறோம். ஃபார்மட் செய்யச் சொல்கிறோம். பாதியில் நிற்கிறது, அல்லது 'முடியவில்லை' என்று வருகிறது. உடனே தீர்ப்பு: "டிஸ்க் சரியில்லை." கடைக்காரரோடு வாக்குவாதம். அவர் மாற்றிக் கொடுத்த டிஸ்க்கும் அதே கதை. கடைசியில், "இந்தப் பெட்டியே உதவாது" என்று கம்ப்யூட்டர் கபாடிவாலாவின் தள்ளுவண்டியில் ஏறிவிடுகிறது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் பெரும்பாலும் தவறு என்பது என் கட்சி. பல சமயம் டிஸ்க்கும் நல்லது, கம்ப்யூட்டரும் நல்லது. ஒன்றின் கணக்கு மற்றதற்குப் புரியவில்லை, அவ்வளவே. இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெரிய குடியிருப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 512 பைட் கொள்ளும் சின்னச் சின்ன அறைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். அந்த எண்ணை எழுதிக்கொள்ளக் கம்ப்யூட்டரின் பேரேட்டில் எத்தனை கட்டம் இருக்கிறதோ, அத்தனை அறைகளுக்குத்தான் அது போய்வர முடியும். தபால்காரரின் புத்தகத்தில் மூன்று கட்டம்தான் என்றால், 999-க்கு மேற்பட்ட வீட்டுக்குக் கடிதம் போகாது. வீட்டுக்காரர் மேல் என்ன குற்றம்?

ஒவ்வொரு காலத்துக் கம்ப்யூட்டருக்கும் ஒரு கட்டக் கணக்கு இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் வந்தவை 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று எண்ணின. பெருக்கிப் பார்த்தால் 528 மெகாபைட்தான் வரும். அடுத்து வந்தது 8.4 ஜிகாபைட் வரம்பு. 1998 வாக்கில் வந்த கம்ப்யூட்டர்கள்தான் இதைத் தாண்டத் தொடங்கின. அதற்குப் பிறகும் சில பயாஸ்கள் 33.8 ஜிகாபைட்டில் தடுக்கி விழுந்தன. அதைவிடப் பெரிய டிஸ்க்கை மாட்டினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே உறைந்துவிடும். பயாஸ் என்பது ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சிறு புரோகிராம் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும்.

நம் வீடுகளில் இன்னும் மிச்சமிருக்கும் கம்ப்யூட்டர்கள் அநேகமாக அடுத்த இரண்டு வரம்புகளில் மாட்டிக்கொள்பவை. ஒன்று, 28 பிட் எண்ணில் அடங்கும் 137 ஜிகாபைட். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் பதிப்புக்கே இதற்கு மேல் எண்ணத் தெரியாது. 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்தான் அதற்கு வழி செய்தது. இரண்டாவது, 2.2 டெராபைட். டிஸ்க்கின் தலைப்பில் எழுதப்படும் பழைய பாணிப் பார்ட்டிஷன் பட்டியலில் 32 பிட்டுக்குத்தான் இடம். அதற்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஜிபிடி என்ற புதுப் பட்டியல் வேண்டும். சாதாரண 32 பிட் எக்ஸ்பிக்கு அது புரியாது. 3 டெராபைட் டிஸ்க்கை வாங்கி மாட்டியவர்கள், திரையில் வெறும் 746 ஜிகாபைட் என்று பார்த்துவிட்டுக் 'கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று கொதிப்பது இதனால்தான். 3 டெராபைட்டிலிருந்து 2.2 டெராபைட்டைக் கழித்தால் மீதி வருவது அந்த 746. கம்ப்யூட்டர் தன் கட்டம் நிரம்பியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணியிருக்கிறது.

ஆகவே, ஃபார்மட் ஆகவில்லை என்றால் ஆத்திரப்படாமல் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் ஃபார்மட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கேபிளைப் பாருங்கள், கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பட்டை கேபிள் காலத்துக் கம்ப்யூட்டர் என்றால் டிஸ்க்கின் பின்னால் உள்ள குட்டி ஜம்பரைப் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்கும் 'மாஸ்டர்' என்று உட்கார்ந்திருந்தால் இரண்டும் வேலை செய்யாது. ஒன்றை 'ஸ்லேவ்' ஆக்க வேண்டும். மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், செய்து வைத்த அமைப்புகள் கரண்ட் போனதும் மறந்துபோகும். கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருந்தால் அதுவே அடையாளம்.

இரண்டாவது கேள்வி: பெயர் தெரிகிறது, அளவு சரியாகத் தெரிகிறதா? குறைவாகத் தெரிந்தால் மேலே சொன்ன வரம்புகளில் எது என்று பாருங்கள். கிட்டத்தட்ட எப்போதும் ஒன்று பொருந்தும்.

மூன்றாவது கேள்வி: பயாஸில் முழு அளவும் தெரிகிறது, ஆனால் விண்டோஸில் 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் டிஸ்க்கே இல்லையா? இது கோளாறே அல்ல. புது டிஸ்க் வெற்று மனை. பார்ட்டிஷன் என்ற வேலி போட்ட பிறகே ஃபார்மட் என்ற வீடு கட்ட முடியும். விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற பகுதியில் போனால் மனை அங்கே காத்திருக்கும்.

நான்காவது கேள்வி: வேலி போட்டாயிற்று, ஆனால் ஃபார்மட் நடுவில் நிற்கிறதா? பழைய பயாஸ் சிலவற்றில் 'வைரஸ் வார்னிங்' என்று ஒரு காவல் உண்டு. டிஸ்க்கின் முதல் அறையில் யார் எழுத வந்தாலும், சொந்தக்காரரே வந்தாலும், அது தடுக்கும். ஃபார்மட் முடியும் வரை அதை அணைத்து வைக்க வேண்டும். எக்ஸ்பியில் 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட பார்ட்டிஷனை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ய முடியாது. அங்கே என்டிஎஃப்எஸ் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மசியாவிட்டால் அந்த டிஸ்க்கை ஒரு புதிய கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் மறுத்தால், அல்லது உள்ளே 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்டால், அப்போது கடைக்குப் போங்கள். நியாயம் உங்கள் பக்கம். அங்கே நல்லபடி ஃபார்மட் ஆனால் டிஸ்க் நிரபராதி.

ஆனால் புதிய கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்து, அப்படியே பழையதில் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று சிலர் சொல்லும் குறுக்கு வழியை நான் கடுமையாக ஆட்சேபிக்கிறேன். ஃபார்மட் ஆகாமல் அடம் பிடிக்கும் கம்ப்யூட்டர் நமக்கு நல்லதுதான் செய்கிறது. எல்லாம் சரி என்று தலையாட்டும் கம்ப்யூட்டரிடம்தான் பயப்பட வேண்டும். 137 ஜிகாபைட் வரை எண்ணத் தெரிந்த விண்டோஸ் 98 கம்ப்யூட்டர், வெளியில் ஃபார்மட் ஆகி வந்த 320 ஜிகாபைட் டிஸ்க்கை ஏற்றுக்கொள்ளக்கூடும். மாதக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. 137 தாண்டி எழுதப் போகும் நாளில் எண் சுற்றிக்கொண்டு முதல் அறைக்கே வந்து, அங்கே இருப்பதன் மேல் எழுதிவிடும். குழந்தையின் ஆயுஷ்ஹோமப் படமோ, தாத்தாவின் கடைசிக் கடிதமோ, எது போயிற்று என்று கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் போயிருக்கும்.

இன்னொன்று. யூஎஸ்பி பெட்டிக்குள் இருந்த பெரிய டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கம்ப்யூட்டருக்குள் மாட்டினால், 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்பதுண்டு. சில யூஎஸ்பி பெட்டிகள் எக்ஸ்பிக்காக அறைக் கணக்கை 4096 பைட்டாக மாற்றிச் சொல்பவை. பெட்டி போனதும் கணக்கும் போய்விடுகிறது. உள்ளே இருப்பவை பத்திரமாகத்தான் இருக்கின்றன. 'ஆகட்டும்' என்று அழுத்துவதுதான் அவற்றை அழிக்கிறது. டிஸ்க்கில் ஏற்கெனவே ஏதேனும் இருந்தது என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் 'வேண்டாம்' என்றே இருக்கட்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? பழைய கம்ப்யூட்டருக்கு அதன் வயிற்றுக்கேற்ற சோறு போடுங்கள் என்பேன். 120 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்று, பட்டை கேபிளுக்கு மாற்றும் சிறு அடாப்டர் ஒன்று. 137-க்குள் அடங்கும், சத்தமில்லாமல் ஓடும். எக்ஸ்பி காலத்துக் கம்ப்யூட்டர் அநேகமாக இதற்கு மறுப்புச் சொல்லாது. பெரிய டிஸ்க்கை வேறு ஒரு புதுக் கம்ப்யூட்டரோடு வைத்துக்கொள்ளுங்கள். பயாஸைப் புதுப்பிப்பது இன்னொரு வழி. ஆனால் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடலாம். தில்லி வெயில் காலத்தில் இன்வெர்ட்டர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு? பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினால் ஆகாதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதில் இன்டர்நெட் வேலைகள் செய்யவே கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கவலை கம்ப்யூட்டரைப் பற்றியதல்ல, அதற்குள் இருக்கும் தமிழைப் பற்றியது.

ஊரை விட்டு வந்து இங்கே தமிழில் டைப் அடிக்கத் தொடங்கிய காலத்தில் நம்மிடம் யூனிகோட் புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு எழுத்துரு, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று தரங்கள் வந்தன. டிஸ்கி என்ற முறை தனியே இருந்தது. அன்று அடித்த கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், சங்க மலரின் பக்கங்கள் எல்லாம் இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழ் தெரியும். அது இருப்பதோ பழைய கம்ப்யூட்டரில் மட்டும். ஆகவே கோப்புகளை நகலெடுக்கும்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் மறக்காமல் எடுக்க வேண்டும். எழுத்துரு கையில் இருந்தால் பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள மென்பொருள்கள் உண்டு.

நேரு பிளேஸ் கடைகளில் கைராசிக்காரப் பையன்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் 'ஃபார்மட் போட்டுத் தருகிறேன்' என்பது அவர்கள் எல்லா வியாதிக்கும் தரும் ஒரே மாத்திரை. எந்த டிஸ்க்கை என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். பழைய டிஸ்க்கை நகலெடுத்து, நகலைத் திறந்து பார்த்த பிறகே எந்தப் பெட்டியும் கடைக்குப் போகட்டும். கபாடிவாலாவிடம் போகும் பெட்டி சீலம்பூர் போன்ற இடங்களில் உடைபடும்போது, அதில் உள்ள டிஸ்க் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, மீதியை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுப்பதே முறை.

நம் சங்கத்தில் ஐ.டி. துறையில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டி, பாட்டுப் போட்டி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குகிறோம். அதேபோல் வருஷத்துக்கு இரண்டு ஞாயிறுகளை இதற்கு ஒதுக்கினால் என்ன? பட்டை கேபிள் டிஸ்க், புது டிஸ்க் இரண்டையும் யூஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கி வைக்கலாம். உறுப்பினர்கள் பழைய டிஸ்க்கோடு வரட்டும், நகலோடு திரும்பட்டும். முதலில் சங்க அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரிலிருந்தே தொடங்கலாம். நம் மலர்களில் பாதி அதற்குள்தான் இருக்கின்றன. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் நிர்வாகிகள் இதை எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.