பழைய குறுந்தகடும் கையடக்கக் கருவியும்

1994-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுப் பெட்டியை நம் சங்க அன்பர்களுள் பலர் அறிவர். அதன்முன் அமர்ந்திருந்த சிறுவர் இன்று குடும்பத் தலைவர்கள். ஒவ்வொரு ஊர் மாற்றத்தின்போதும் மூட்டைகளோடு பயணம் செய்த, கரிய அடிப்புறமுடைய அக்குறுந்தகடுகளோ கீறல் விழுந்து பரணில் உறங்குகின்றன. அவை முற்றும் பழுதாகுமுன் கையடக்கக் கருவியில் ஆடத்தக்க கோப்புகளாக மாற்றிக்கொள்ளுதல் நலம்.

இதில் பலரும் இடறுவது முதற்படியிலேயே. தகட்டின் ஒவ்வொரு செக்டரும் 2,352 பைட் அளவினது. ஐ.எஸ்.ஓ. என்னும் வழக்கமான பிரதிமுறையோ 2,048 பைட்களையே காக்கும். காட்சிகளும் ஒலியும் அவ்வெல்லைக்கு அப்பாலும் பரவியிருப்பதால் பிரதி ஊனமடையும். அன்றியும், ‘வைப்அவுட்’ போன்ற ஆட்டங்களின் இசை, சாதாரண இசைத்தகட்டில் உள்ளவாறே தனித்தனி டிராக்குகளாகப் பதிந்துள்ளது, அதற்கு ஐ.எஸ்.ஓ.வில் இடமே இல்லை. ஆதலின் இம்க்பர்ன் போன்ற மென்பொருளைக் கொண்டு ‘பின்’, ‘க்யூ’ என்னும் இரட்டைக் கோப்புகளாகவே எடுத்தல் வேண்டும். முன்னது சரக்கு, பின்னது, எந்த டிராக் எங்கே தொடங்குகிறது எனக் கூறும் அட்டவணை. சில வரிகளே கொண்ட அற்பக் கோப்பென்று அதை நீக்கிவிட்டால் ஆட்டம் இருக்கும், பாட்டு இராது. (‘ரிட்ஜ் ரேசர்’ தன்னை முழுவதும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்வது. ஆகவே தொடங்கியபின் தகட்டை எடுத்துவிட்டு நமக்குப் பிடித்த இசைத்தகட்டை வைத்தால், அவ்விசைக்கே கார் ஓடும்! அந்த வேடிக்கையைப் பழைய பெட்டியில்தான் காண வேண்டும்.)

கருவி சோனியின் பி.எஸ்.பி. ஆயின், இரண்டையும் ‘ஈபூட்’ என்னும் ஒரே கோப்பாக மாற்ற வேண்டும். நாமே மாற்றியதை ஏற்க, அக்கருவியின் அடிப்படை மென்பொருளையும் திருத்தியிருக்க வேண்டும். இக்காலத்து ஆண்ட்ராய்டு, லினக்ஸ் கருவிகளுக்குச் சி.எச்.டி. முறையே சிறந்தது என்பது எம் கருத்து. அது எதையும் இழக்காமல் சுருக்கும். வேண்டும்போது பழைய இரட்டைக் கோப்புகளாக விரியவும் செய்யும்.

‘ஃபைனல் ஃபேன்டஸி’யின் ஏழாம் பாகம் மூன்று தகடுகள், எட்டாம் பாகம் நான்கு. சி.எச்.டி. முறையில் தகடுகளின் பெயர்களை வரிசையாக எழுதிய எம்.3.யூ. கோப்பொன்று உடனிருந்தால் தகடு மாற்றுவது எளிதாகும். முதல் தகடு ஓடியது கண்டு மகிழ்ந்து நின்றுவிடலாகாது. கடைசித் தகட்டின் பழுது பல நாள் ஆடிய பின்னரே வெளிப்படும். அதற்குள் மூலத்தகடு எங்குப் போயிருக்குமோ!

சட்டப்படி ஒரு மென்பொருளைத் தம்பால் உடையவர், இழப்பும் சேதமும் நேராதிருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்வதை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை நிரப்பிக் கருவியோடு கடைக்காரர் நீட்டும் அட்டைக்கு அப்பிரிவு துணை நில்லாது.

தகட்டையாவது மீண்டும் விலைக்கு வாங்கலாம். வாங்க இயலாதது மெமரி கார்டில் உள்ளது. 128 கிலோபைட் கொண்ட அச்சிறு அட்டையின் 15 கட்டங்களில்தான், அண்ணனும் தங்கையும் போட்டியிட்டு எட்டிய நிலைகளும், வீரர்களுக்கு அவர்கள் சூட்டிய பெயர்களும் இருக்கின்றன. பெட்டியை விற்கும் அவசரத்தில் இதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். தக்க அடாப்டர் வழியே அதன் உள்ளடக்கம் கணினியை அடைந்துவிட்டால், மெம்கார்ட்ரெக்ஸ் என்னும் இலவச மென்பொருள் அதனைக் கைக்கருவி ஏற்கும் வடிவிற்கு மாற்றித் தரும். ஐரோப்பியப் பதிப்பில் சேமித்தது அமெரிக்கப் பதிப்பில் பொதுவாகத் திறவாது; தகடும் அட்டையும் ஒரே பதிப்பைச் சார்ந்தவையா என்று முன்னரே பார்த்துக்கொள்க.