வாயில்லாத் துணை

களைப்பில் இரண்டு விதம் உண்டு. மூட்டை சுமந்தவனுக்கும் ஏர் பிடித்தவனுக்கும் வருவது ஒரு விதம். வயிறாரச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டால் அது ஓடிவிடும். மற்றொரு விதமோ, நம்முடனே படுத்து, நம்முடனே எழுந்து, காலையில் காப்பி டம்ளரைக் கையில் எடுக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளும். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே வாழும் உபாத்தியாயர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2019-ஆம் வருஷத்தில் இதற்கு விரிவாக இலக்கணம் வகுத்தார்கள். உடலும் மனமும் ஓய்ந்துபோதல், செய்யும் வேலையில் கசப்பு, என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது என்றும், நோய் அன்று, உத்தியோகத்தினால் விளையும் நிலைமை என்றும் கூறினார்கள். எந்த உபாத்தியாயரின் மனைவியைக் கேட்டிருந்தாலும் இதை முன்னமே சொல்லியிருப்பாள்!

இந்தச் சலிப்புக்குக் கூடப் பிறந்தது தனிமை. நாள் முழுவதும் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நின்று பேசுகிறவனுக்குத் தனிமை ஏது என்று கேட்கலாம். பேசுவது வேறு, பேச ஓர் ஆள் இருப்பது வேறு.

நம்முடன் வேலை பார்க்கும் கணித உபாத்தியாயர் ஒருவர். மனைவியை இழந்தவர், ஒரே பெண் கடல் கடந்து வாழ்கிறாள். மாலை மணி அடித்த பிறகும், காவற்காரன் சாவிக் கொத்தைக் குலுக்கும் வரையில் அவர் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பமாட்டார். வேலையில் அவ்வளவு பற்று என்று தலைமை ஆசிரியர் மெச்சிக்கொண்டார். போவதற்கு வீடு இருந்தது, வீட்டில் யாருமில்லை என்பதே உண்மை. ஓர் ஐப்பசி மழையில் அவர் வீட்டுத் திண்ணையில் நாட்டு நாய்க்குட்டி ஒன்று ஒதுங்கிற்று. மழை விட்டதும் துரத்திவிடுவதென்றுதான் முதலில் தீர்மானம். மழை விட்டது, குட்டி போகவில்லை, அவரும் துரத்தவில்லை.

அதன் பிறகு நடந்ததில் அற்புதம் ஒன்றும் இல்லை. காலை ஐந்து மணிக்கு நாய் அவரை எழுப்பிற்று. அதற்குச் சோறு வடிக்க வேண்டியிருந்ததால் தமக்கும் வடித்துக்கொண்டார். தெருவில் அதை அழைத்துப் போனதால், இருபது வருஷமாய் முகம் மட்டும் தெரிந்த அண்டை வீட்டார், “ஸார், என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?” என்று விசாரித்தார்கள். மாலையில் மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாய்க் கிளம்பினார். நாய் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை, சொல்லவும் தெரியாது. அதற்கு ஒரு வேளை இருந்தது. அந்த வேளைக்கு இவர் வேண்டியிருந்தார். நாள் முழுவதும் பேச்சை விற்றுப் பிழைக்கிறவனுக்கு, பேச்சையே கேட்காத ஒரு ஜீவனின் சகவாசம் எவ்வளவு பெரிய இளைப்பாறல் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது நமக்கு விளங்கிற்று.

விஞ்ஞானிகளும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் சர்வகலாசாலையார் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 249 மாணாக்கர்கள் பங்கு கொண்டனர். ஒரு சாரார் பத்து நிமிஷம் நாய் பூனைகளைத் தடவிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், அல்லது படம் பார்த்தார்கள், அல்லது சும்மா காத்திருந்தார்கள். பிறகு உமிழ்நீரைப் பரிசோதித்ததில், கைப்படத் தடவியவர்களுக்கே மன நெருக்கடியின் அறிகுறியான கார்ட்டிஸால் குறைந்து காணப்பட்டது. பத்து நிமிஷத்துப் பலன் பத்து வருஷத்துக்கு நிற்கும் என்று அவர்கள் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். வேலைப் பளுவைக் குறைக்க வேண்டியவர்கள் குறைக்காமல், “நாய் வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று உபதேசிப்பார்களானால் அதைவிட அநியாயம் வேறில்லை.

ஆராய்ச்சியைக் காட்டிலும் நம் மனத்தைத் தொட்டது ஓர் அணிற்பிள்ளையின் கதை. ஹிந்தி மகாகவி மகாதேவி வர்மா (1907-1987) அலகாபாத்தில் மகளிர் வித்யாபீடத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். இல்லறத்தில் புகாமல் தனித்து வாழ்ந்தவர். தாம் வளர்த்த பிராணிகளைப் பற்றி 1972-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு வைத்த பெயரே ‘என் குடும்பம்’ என்று பொருள்படும். காக்கைகள் கொத்திப் போட்ட அணிற்குஞ்சு ஒன்றை அவர் எடுத்து, காயத்துக்குப் பென்ஸிலின் களிம்பு தடவி, பஞ்சுத் திரியில் பால் நனைத்துக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். ‘கில்லு’ என்று பெயர். அவர் எழுத உட்கார்ந்தால் அது காலடிக்கு ஓடி வரும், திரைச் சீலையில் ஏறும், கவனம் தன் பக்கம் திரும்பும் வரையில் விடாது. தொல்லை தாங்காமல் சில சமயம் அதை நீளமான தபால் உறையில் போட்டு வைப்பாராம்! எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு தடை தினம் ஒரு தரமாவது அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

ஒரு மோட்டார் விபத்தில் அடிபட்டு மகாதேவியார் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கில்லுவுக்கு முந்திரிப் பருப்பென்றால் உயிர். அவர் வீடு திரும்பி அதன் ஊஞ்சலைச் சுத்தம் செய்தபோது, பலர் கொடுத்த முந்திரி அத்தனையும் தின்னப்படாமல் அங்கே குவிந்து கிடந்தது. அவர் படுத்திருந்த நாட்களில் அது தலையணையருகே உட்கார்ந்து, சின்னஞ்சிறு கைகளால் அவர் நெற்றியையும் கூந்தலையும் மெல்ல வருடிக்கொண்டிருந்ததாம். அணிலுக்கு ஆயுள் குறைவுதான்.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பிராணி வளர்ப்பது மருந்து வாங்குவது போலன்று. தீர்ந்ததும் புட்டியை எறிந்துவிட முடியாது. நாய் பன்னிரண்டு, பதினைந்து வருஷங்கூட வாழும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்; வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்; ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டி இரவு எட்டுக்குத் திறப்பவர்கள் நாய் வளர்த்தால், வீட்டில் தனிமையால் வாடும் ஜீவன்கள் இரண்டாகும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள் ஜன்னலில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் வைத்தால் போதும். வருகிற குருவி தன் இஷ்டப்படி வந்து போகும்.

நமது கணித உபாத்தியாயர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். கணக்குப் போடுகிறவர் அல்லவா? நாயின் வயதையும் தம் வயதையும் ஒரு நாள் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். “எனக்கு முன்னே பின்னே ஏதாவது ஆகிவிட்டால் இதை நீங்கள் அழைத்துக்கொள்ள முடியுமா?” என்று சென்ற வாரம் கேட்டார். பெண்ணைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ அவர் நம்மிடம் எதுவும் கேட்டதில்லை. நாம் உடனே சரி என்று சொல்லிவிட்டோம். நம் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.