தத்துப் போன பேரப்பிள்ளையைப் பார்ப்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

மகன் இறந்துபோகிறான். மருமகள் மறுமணம் செய்துகொண்டு, மலையை விட்டு இறங்கிச் சேலத்தில் குடியேறுகிறாள். புதுக் கணவர் பிள்ளையை முறைப்படி தத்தெடுக்கிறார். அதுவரை தூக்கி வளர்த்த தாத்தாவும் ஆயாவும் இனி அந்த வீட்டுப் படியேறலாமா? சேர்வராயன் மலைக் கிராமங்களில் குழந்தைகளுக்காக வேலை செய்யும் எங்களிடம் இந்தக் கேள்வி வருவதால், எங்கள் நிலையை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

குழந்தை யாரைத் தெரிந்து வளர்ந்ததோ அவர்களைப் பார்க்கும் உரிமை, தத்துக்குப் பிறகும் அதற்கு இருக்க வேண்டும். உரிமை குழந்தையுடையது, தாத்தா பாட்டிக்கு அது குழந்தை வழியாகத்தான் வரும். முகமே அறியாத பிள்ளையிடம் ரத்த பாத்தியதை சொல்லிக்கொண்டு போவதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

சட்டத்தில் இதற்கு இன்று இடமில்லை. தத்து ஆணை அமலாகும் நாளோடு பிறந்த குடும்பத்து உறவுகள் அறுந்துவிடுவதாக 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 63-ஆம் பிரிவில் சொல்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமும் அதே வழிதான். ஆனால் பிறந்த குடும்பத்தில் யாரை மணக்கக் கூடாதோ, அவரைத் தத்துக்குப் பிறகும் மணக்கக் கூடாதாம். கல்யாணத் தடைக்கு நினைவிருக்கிற ரத்த உறவு, பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும் மறந்துபோகிறது!

1956 சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதனால் ஏற்காட்டு மலையாளி மக்களிடையே தத்து என்பது ஊர்க் கவுண்டரும் பங்காளிகளும் அறிய முடிகிற வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. பிள்ளை வீடு மாறினாலும் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் எல்லாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். காகிதம் இல்லாத தத்தால் பள்ளிச் சேர்க்கை முதல் சொத்து வரை இழுபறி என்பதால், பதிவு செய்யுங்கள் என்று நாங்களே வற்புறுத்துகிறோம். அப்படியிருக்க, பதிவால் அறுபடுவதைப் பற்றியும் நாங்கள்தான் பேச வேண்டும்.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஆந்திர வழக்கு ஒன்று இதற்கு நெருங்கியது. 2006-இல் பிறந்து மூன்று மாதம் ஆகுமுன் தந்தையை இழந்த பிள்ளை. தாய் மறு ஆண்டே மறுமணம் செய்துகொண்டார். 2008-இல் தந்தைவழித் தாத்தா பாட்டி தங்களைக் காப்பாளராக்கக் கோரினார்கள். விசாரணை நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க மறுத்து, அவர்கள் பார்த்துவர அளவான அனுமதி தந்தது. பிறகு வழக்கு பிள்ளையின் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. நடுவில், 2019-இல், புதுத் தந்தை தத்துப் பத்திரமே பதிவு செய்துவிட்டார். பெயரை முடிவு செய்வது தாய்தான் என்றது தீர்ப்பு, அது சரி. ஆனால் பெயருக்காகப் போன வருடங்களில் பிள்ளை வளர்ந்துவிட்டான்.

பெற்றவளின் முடிவை மிதித்துக்கொண்டு வரும் சந்திப்பும் நிலைக்காது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சட்டம், யார் வேண்டுமானாலும் குழந்தையைப் பார்க்க மனுப் போடலாம் என்று கதவை அகலத் திறந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் தாத்தா பாட்டிக்குக் கிடைத்த ஆணையை 2000-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கும் தந்தை இறந்தவர், தாய் பிறகு வேறொருவரை மணந்தவர், அந்தக் கணவர் தத்தெடுத்தவர். தாய் மாதம் ஒரு முறை பார்க்கச் சம்மதித்தே இருந்தார்.

எனவே வழக்கை விட ஆணைக்கு முந்தைய பேச்சே பயன் தரும் என்று கருதுகிறோம். மாற்றாந்தந்தையோ உறவினரோ தத்தெடுக்கும்போது, 5 வயது நிறைந்த பிள்ளையின் சம்மதம் இப்போதே வேண்டும். அதே பிள்ளையிடம் “தாத்தா, ஆயாவைப் பார்க்க ஆசையா?” என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு, பதிலை மாவட்ட ஆட்சியரின் ஆணையிலேயே எழுதலாம். எந்த மாதம், எத்தனை நாள், யார் கூட்டிவருவது என்பதெல்லாம் இரு வீட்டாரும் பேசி ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும். மணமுறிவுக் குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டியோடு கழிக்கும் நேரத்தைச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆம் அறிக்கையிலேயே பேசிவிட்டது. தத்துக்கு அதை நீட்டிக்கச் சொல்கிறோம்.

கைக்குழந்தையாக ஒப்படைக்கப்பட்டு, முன்பின் அறியாத குடும்பத்துக்குப் போகும் பிள்ளை விஷயம் வேறு. அங்கே சந்திப்பு உரிமை கேட்க மாட்டோம். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாவட்டம் எங்களுடையது. பெண் சிசுவை வேண்டாம் என்ற குரல்களில் மாமியார் குரலும் இருந்ததை இங்கே யாரும் மறைக்க முடியாது. தாத்தா பாட்டி என்றாலே பாசம் என்று எழுதிவிடக் கூடாது. ஒப்படைத்த தாயின் ரகசியம் அவளுடைய பெற்றோரிடமிருந்தும் காக்கப்பட வேண்டும்.

ஆதரவற்றதாகக் கருதப்படும் பிள்ளையின் உறவினரைத் தேடும் முறைதான் எங்களுக்குப் பெரிய குறை. நாளிதழில் படத்தோடு அறிவிப்பு வருகிறது. பேப்பரே வராத மலைக் கிராமத்தில், காப்பித் தோட்டத்திலிருந்து இருட்டிய பிறகு திரும்பும், எழுத்தறியாத ஒரு கிழவிக்கு அது எப்படித் தெரியும்? கிராம நிர்வாக அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், ஊர்க் கவுண்டர் மூவர் வாயிலாகவும் சேதி போக வேண்டும். போனதற்குக் கையெழுத்து வாங்கிய பிறகே குழந்தைகள் நலக் குழு, தத்துக்குத் தடையில்லை என்று அறிவிக்க வேண்டும்.

வறுமை ஒன்றே காரணமானால் பிள்ளையைத் தத்துக்கு அனுப்பக் கூடாது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உறவினரிடம் வளரும் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. வயதாகிவிட்டது, இனி எங்களுக்குத் தரமாட்டார்கள் என்று ஒதுங்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: உறவினர் தத்தெடுப்புக்கு வயது வரம்பு பொருந்தாது. விண்ணப்பம் சேலத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் போகும். எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.