புரோக்கர் வரும் ஊருக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் வராதா?

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு குடும்பத்துக்குப் பணமுடை வந்தால், மில் வேலைக்கு ஆள் சேர்க்கும் புரோக்கர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். தங்குமிடம் உண்டு, சாப்பாடு உண்டு, வேன் உண்டு என்பார். சேர்த்துவிடும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு மில்லில் கமிஷன். அரசின் வேலைவாய்ப்பு மையத்துக்குப் போக வேண்டுமென்றால், ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏற வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் ‘சுமங்கலித் திட்டம்’ வளர்ந்தது. மூன்றாண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் சேர்த்தார்கள். உடம்புக்கு முடியாமல் பாதியில் திரும்பிய பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் ஆடை நிறுவனங்களும் கையெழுத்திட்ட ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’, ஆலைக்குள் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க வழி செய்தது. ஆனால் ஆலை வாசலுக்கு ஆளைக் கொண்டுவரும் பாதையைக் கவனிக்க யாருமில்லை.

கவனிக்க வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. கட்டணமில்லாத வேலைவாய்ப்புச் சேவையை, போதிய எண்ணிக்கையில் வட்டார அலுவலகங்களோடு நடத்தச் சொல்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 88ஆம் உடன்படிக்கை. இந்தியா அதை 1959இலேயே ஏற்றது. அதே ஆண்டு வந்த சட்டமோ, காலியிடத்தை அறிவிக்கச் சொன்னதே தவிர, அலுவலகம் அனுப்பும் ஆளை எடுக்கச் சொல்லவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான நிதிப் பொறுப்பையும் 1969 ஏப்ரலில் மத்திய அரசு முழுதாக மாநிலங்களின் தலையில் வைத்தது. அரசுப் பணிக்குப் பதிவு மூப்பின் மதிப்பும் குறைந்தபின், புதுப்பிக்கப்படும் பதிவு அட்டைதான் மிச்சம்.

அட்டையோடு உதவித்தொகை வருகிறது. ஐந்தாண்டு பதிவில் காத்திருந்தால், பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், பட்டதாரிக்கு 600, அதுவும் மூன்றாண்டுக்குத்தான். பட்டதாரிக்கு மொத்தமே 21,600 ரூபாய். காத்திருப்பதற்குத் தரும் இந்தப் பணம் வேலை தேடித் தராது.

இணையத்தில்தான் எல்லாம் வந்துவிட்டதே என்பார்கள். தனியார் வேலைக்குத் தமிழக அரசின் இணையதளம் இருக்கிறது, முகாம்களும் நடக்கின்றன. முகாமில் எத்தனை பேருக்கு ஆணை கொடுத்தோம் என்பது மறுநாள் செய்தியாகும். அதில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் வேலையில் இருக்கிறார்கள் என்பதை யார் கேட்கிறார்கள்? விடுதிக் கதவு ஞாயிற்றுக்கிழமை திறக்குமா, பி.எஃப். பிடித்த பணம் கணக்கில் ஏறுகிறதா என்பதை இணையதளம் சொல்லாது. போய்ப் பார்த்து வந்த ஆள்தான் சொல்ல முடியும். அந்த ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும்.

கிராமம்வரை அரசால் போக முடியாது என்பதும் சரியல்ல. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் தொடங்கிய ஆறு தமிழக மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. நிதி ஒதுக்கியதும் ஒவ்வொரு ஊராட்சியிலும் வருகைப் பதிவேடு வந்தது, பணித்தளப் பொறுப்பாளர் வந்தார். மண் வேலைக்கு முடிந்தது, மில் வேலைக்கும் பூட்டுப் பட்டறை வேலைக்கும் முடியாதா?

மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றிய அலுவலகத்திலேயே இரண்டு பேர் போதும்: ஒருவர் ஊர்களுக்கு, ஒருவர் ஆலைகளுக்கு. கூலி, விடுதி, இ.எஸ்.ஐ. மூன்றையும் நேரில் சரிபார்த்த காலியிடம் மட்டுமே அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும். சேர்ந்தவரை மூன்று மாதம் தொடர வேண்டும். நிதியைப் பதிவு எண்ணிக்கை பார்த்துப் பிரிக்காமல், மழை பொய்த்து ஆள் வெளியேறும் ஒன்றியத்துக்குக் கூடுதலாகத் தர வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று வட மாநிலங்களில் ஆள் தேடும் ஆலைகளுக்கும் இது லாபமே.

செலவு யாருடையது என்று கேட்கலாம். தொழில் தொடங்குவோருக்கு மூலதன மானியம் தரும் அரசு, அங்கே வேலைக்குப் போகிறவருக்கு வழிகாட்ட ஒரு பங்கு ஒதுக்குவது சலுகையல்ல, 1959இல் ஒப்புக்கொண்ட கடமை. புரோக்கரைத் திட்டிப் பயனில்லை. அவர் செய்வதைக் கமிஷனில்லாமல் அரசு செய்யும்வரை அவர் தொழில் நடக்கத்தான் செய்யும்.