பாலைத்திணையும் ஒரு பயணப் படமும்

பெருவழிப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட படமொன்றுக்கு இசை வகுப்பவர் முதற்கண் துணிய வேண்டியது ஒன்றுண்டு. வண்டியின் விரைவைப் பாடுவதா, வண்டியில் இருப்போர் விட்டுவந்த வீட்டைப் பாடுவதா என்பதே அது. நம் சங்கச் சான்றோர் இரண்டையும் பாடினர். எனினும் பாலைப் பாட்டுக்களில் நம்மை உருக்குவது வீட்டில் நின்ற தாயின் குரலே. ஓதலாந்தையார் ஐங்குறுநூற்றிற் பாடிய பாலையுள் ‘மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து’ எனத் தனியே ஒரு பத்து உண்டு. கயமனார் என்றதும் நம் நினைவில் எழுவோரும் மகளைப் பிரிந்த தாயரே.

இம்தியாஸ் அலி இயக்கி 2014 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹைவே’ என்னும் இந்திப் படத்திற்கு ஏ. ஆர். ரகுமான் அமைத்த பாடல்களும் இவ்வழியே சென்றவை என்பது என் கருத்து. பாடல்களை எழுதியவர் இர்ஷாத் காமில். திருமணத்தை அடுத்து எதிர்நோக்கிய செல்வர் மகள் வீராவை மகாபீர் என்பவன் கடத்துகிறான். இருவரும் லொறியில் வடபுல மாநிலங்கள் பலவற்றைக் கடக்கின்றனர். நூரான் சகோதரியர் பாடிய ‘பட்டாகா குட்டி’ பஞ்சாபின் புழுதி மணக்கும் பாட்டு. பறையையும் யாழையும் தொல்காப்பியர் கருப்பொருளோடு ஏன் எண்ணினார் என்று மாணாக்கர் வினவினால், இதனைக் கேட்பிக்கலாம். பட்டியலை நெட்டுருச் செய்விப்பதினும் அது நன்று.

ஆயினும் தொகுதியின் உயிர்நிலை, ஸெப் பங்காஷும் ஆலியா பட்டும் பாடிய ‘சூஹா சாஹா’ என்னும் தாலாட்டே. ஓடுகின்ற படத்தில் உறங்கவைக்கும் பாட்டுக்கு என்ன வேலை? வழிநெடுக மிடுக்கான தாளமே ஒலித்திருந்தால் பாதையைக் கண்டிருப்போம், பயணிகளைக் கண்டிரோம்.

உடன்போக்கும் கடத்தலும் ஒன்றாகுமா எனப் புலவர் நண்பர் சினக்கக்கூடும். ஒன்றாகா. அன்றியும், வீராவுக்குச் சிறுவயதில் தீங்கு நேர்ந்ததே அவள் வீட்டில்தான். தாயோ அதை வெளியிடாதிரு என்றவள். மகாபீரோ தாயை எண்ணிக் குழந்தைபோற் கலங்குபவன். நம் பாலையில் தாய் பிள்ளைக்கு இரங்கினாள். இங்கே பிள்ளைகள் தாய்க்கு இரங்குகின்றனர்.

இவ்வளவும் எழுதத் தூண்டியது எங்கள் நுரைச்சோலைப் பாதை. 2011 இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தால் மட்டுமே நாடு இவ்வூரை அறியும். வெங்காயமும் மிளகாயும் ஏற்றிய லொறிகள் புத்தளம் நோக்கி விரையும் இப்பாதையின் மருங்கிலேதான், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்கள் பலர் ஓலைக்குடில்களில் வாழத் தலைப்பட்டனர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தொட்டிலருகே பாடிய தாலாட்டுக்கள் அவர்களோடு வந்தன. அன்று இருபத்தைந்து வயதினராய் இருந்த தாய்மார் இன்று அறுபதைத் தொட்டுவிட்டனர். நாளை ஒருவர் நம் பாதைக்கு இசை வகுக்க வந்தால், அப்பாட்டுக்களை யாரிடம் கேட்பார்?

தமிழாசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குதல் வேண்டும். மாணவர் தத்தம் உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு, சொல் திருத்தாமல், அவர் பாடியவாறே எழுதிவரட்டும். கைத்தொலைபேசியிற் பதிந்துவரின் மெட்டும் தப்பும். வழுவைப் பின்னர் ஆராய்வோம். அதற்குப் பண்டிதர்கள் எப்போதும் இருக்கிறோம்.